கல்லறை வாசலில் சந்தாப் புத்தகம் வேண்டாம்

குமரி மாவட்டப் பங்குப்பேரவையினருக்கும் சபைக் கமிட்டியாருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

சந்தா பாக்கியைக் காட்டிக் கல்யாணத்தையும் அடக்கத்தையும் சபைகள் இழுத்தடிப்பது பற்றியே இந்தக் கடிதம். சிலர் வேதம் வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள், தவசு நாள்களில் இறைச்சி தொடமாட்டார்கள். ஆனால் எந்தச் சபையிலும் பெயர் இல்லை. பெயர் இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டியிருக்கமாட்டார்கள். இப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் நிறையவே உண்டு. உங்கள் பதிவேட்டில் அவர்களுக்குப் பெயர் 'நிலுவை'. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 46.85 பேர் கிறிஸ்தவர்கள். கணக்கெடுக்க வந்தவர் மதத்தைத்தான் கேட்டார், எந்தச் சபை, எவ்வளவு பாக்கி என்று கேட்கவில்லை.

சபை விதி வகுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தன் காரியத்தைத் தானே நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சபைக்குத் தருகிறது. ஓட்டு, கமிட்டிப் பதவி, அசனத்தில் (சபை விருந்தில்) பங்கு எல்லாம் உறுப்பினருக்கே இருக்கட்டும். 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தைத் தனி ஆளுக்குத் தருகிறது. இரண்டும் முட்டிக்கொள்வது பெரும்பாலும் கல்யாணத்திலும் சாவிலும்.

கல்யாணத்தில் சிக்கல் குறைவு. சபை மறுத்தால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது: இருவரில் ஒருவர் 30 நாளாவது குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்பு, அதன்பின் 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள், அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம். பலர் தவறுவது இந்த மூன்று மாதத்தில்தான். தேதி தள்ளிப்போனால் புது அறிவிப்பு. ஆகவே கல்யாணத்துக்காகச் சபை தரவேண்டிய கடிதத்தை இழுத்தடிப்பதால் கல்யாணம் நிற்காது. ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் வாய்ப்பை ஆலயம்தான் இழக்கும். கடிதத்தில் ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி, முன்பு திருமணம் பதிவாகியிருக்கிறதா என்பது மட்டும் போதும். 'ஒழுங்காக வராதவர்' என்ற வரி எதற்கு?

சாவு அப்படியல்ல, அவகாசமே கிடையாது. இரவில் உயிர் போகிறது, உடல் ஐஸ் பெட்டியில், மறுநாள் மாலை அடக்கம். இந்த இடைவெளியில் செயலர் வீட்டுத் திண்ணையில் பழைய கணக்கு விரிகிறது. மாதம் 100 ரூபாய், 12 ஆண்டு என்று வையுங்கள், 14,400. அதோடு கட்டுமான நிதி, பண்டிகை வரி. அழுதுகொண்டிருக்கிற வீட்டார் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். பணம் வருகிறது, அந்த வீட்டுப் பிள்ளைகள் வருவதில்லை.

கோளாறு மனிதரிடம் மட்டுமல்ல, கணக்கிலும் இருக்கிறது. சந்தாவும் கல்லறையும் ஒரே புத்தகத்தில் கிடப்பதால் ஒன்றைக் காட்டி மற்றதை வசூலிக்கத் தோன்றுகிறது. கல்லறைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். குழிவெட்டுக் கூலி, சுற்றுச்சுவர், புல் செதுக்குதல், இவ்வளவுதான் அதில் செலவு. உறுப்பினருக்கு ஒரு தொகை, அல்லாதவருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு தொகை என்று முன்கூட்டியே முடிவுசெய்து வாசலில் எழுதிப் போடுங்கள். இடம் போதாது என்பது நியாயமான கவலைதான். அதற்கு வழி, சிமெண்டில் கல்லறை கட்டும் உரிமையை உறுப்பினருக்கு வைத்துக்கொண்டு மற்றவருக்கு மண் குழி மட்டும் கொடுப்பது. சில ஆண்டு கழித்து அதே இடத்தைத் திரும்ப எடுக்கலாம்.

'சொந்தப் புரையிடத்தில் (வீட்டு மனையில்) அடக்கிக்கொள்' என்பது பதிலாகாது. ஊராட்சி விதிப்படி உரிமம் பெற்ற இடம் வேண்டும், அது வீட்டிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பத்து சென்ட் மனை என்பது ஏறத்தாழ 20 மீட்டருக்கு 20 மீட்டர். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற விளவங்கோட்டில் 90 மீட்டருக்கு எங்கே போவது?

கத்தோலிக்கப் பங்குகளுக்குத் தனியாக ஒன்று. அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படும் என்பதைத் திருச்சபைச் சட்டம் 1184 பட்டியலிடுகிறது. வரி கட்டாதவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாருக்கும்கூட ஆயர் அனுமதிக்க 1183இல் இடமிருக்கிறது.

இனி வீடு சந்திப்பு. இங்கே ஒரே கூரையின் கீழ் அம்மா சி.எஸ்.ஐ., மகன் பெந்தெகொஸ்தே, மருமகள் வீட்டார் அய்யாவழி என்று இருப்பது புதுமையல்ல. போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். 'ஜெபம் வேண்டாம்' என்றால் அதைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த கமிட்டி அதே கதவை மறுபடி தட்டும். அடக்க ஆராதனையில் பிற வழிக்காரரைக் குத்திப் பேசும் பிரசங்கமும் வேண்டாம், பாதிக் கூட்டம் அவர்கள்தான். அய்யாவழிக்காரரின் சாமித்தோப்புப் பதியில் கண்ணாடி முன் நின்று வணங்குகிறவரிடம் யாரும் உறுப்பினர் சீட்டுக் கேட்பதில்லை.

அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் கல்லறைக் கட்டணத்தை முதலில் வையுங்கள். திருவிழா மைக்செட் பேச்சு அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் விசுவாசிகள் சிலர்