பகலில் எண்ணுங்கள்: அக்ரா மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கானாவின் தலைநகர் அக்ராவின் மேயருக்கும் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எனக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான டெமாவில் வீடு. மக்கோலா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் இருட்டோடு ட்ரோட்ரோ என்னும் பங்கு வேனில் ஏறி, அக்ராவில் உள்ள டெமா ஸ்டேஷன் என்ற வண்டி நிலையத்தில் இறங்குவேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். வாரத்தில் ஆறு நாள் நான் குடிக்கும் தண்ணீர் உங்கள் ஊரில் வாங்கியது, ஒதுங்கும் கழிப்பறை உங்கள் ஊரில் உள்ளது, மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை விழுவதும் உங்கள் குப்பையில்தான். ஆனால் உங்கள் மக்கள்தொகையில் நான் கிடையாது. கடைசியாக மக்கள்தொகை எடுத்த 2021 ஜூன் 27 இரவு நான் டெமாவில் தூங்கினேன். அங்கேதான் என்னை எழுதிக்கொண்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பகலில் உங்கள் ஊருக்கு வந்து போகிறவர்களையும் எண்ண வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்தக் கணக்குப்படி அக்ரா மாநகரில் இருப்பவர்கள் 2,84,124 பேர். 2010 கணக்கில் 16 லட்சத்துக்கு மேல் இருந்த ஊர் இது. ஜனம் எங்கேயும் ஓடிவிடவில்லை. நடுவில் அயவாசோ, அப்லெகுமா என்று பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி நகராட்சி ஆக்கினார்கள். இன்று கிரேட்டர் அக்ரா மண்டலத்தில் மட்டும் 29 உள்ளாட்சி மன்றங்கள், அவற்றில் 54 லட்சத்துக்கு மேல் மக்கள். கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்த மாதிரிதான். இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு கூத்து நடந்திருக்கிறது: படுக்கிற அறையெல்லாம் மற்றவர்கள் பங்குக்குப் போயிற்று, அடுப்படியும் வாசலும் உங்கள் தலையில் விழுந்தது. மக்கோலா உங்களிடம். கந்தமந்தோ பழந்துணிச் சந்தை உங்களிடம். ஊரின் பெரிய வண்டி நிலையங்கள் சிலவும் உங்களிடம். 1923-லிருந்து நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்கும் கோர்லே பு ஆஸ்பத்திரியும் உங்கள் எல்லைக்குள்.

கல்யாண வீட்டில் ராத்திரி தங்கும் சொந்தக்காரர்களை எண்ணி யாரும் உலை வைப்பதில்லை. பந்திக்கு எத்தனை இலை விழும் என்றுதான் சமையல்காரர் கேட்பார். உங்களுக்கு வரும் பணமோ ராத்திரிக் கணக்கைப் பார்த்து வருகிறது. உள்ளாட்சிகளுக்கான பொது நிதியைப் பங்கிட நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒரு சூத்திரத்தை ஒப்புக்கொள்கிறது அல்லவா? அதில் ‘சேவை நெருக்கடி’ என்று ஓர் அம்சம் உண்டு. கூட்டம் அதிகமுள்ள ஊருக்குச் செலவும் அதிகம் என்பதை ஏற்றுக்கொள்ளும் நல்ல அம்சம்தான். ஆனால் அதை அளக்கும் கோல் மக்கள்தொகை அடர்த்தி, அதாவது அங்கே குடியிருப்பவர்களின் அடர்த்தி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மக்கோலாவில் தோளோடு தோள் இடிக்காமல் பத்தடி நடக்க முடியாது. அந்த நெருக்கடிக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே கிடையாது.

எங்கள் கடை வாசலில் தினமும் ஒரு பெண் வந்து நிற்பாள். பதினெட்டு வயது இருக்கலாம். வடக்கே டமாலே பக்கம். தலையில் துணியைச் சும்மாடாகச் சுருட்டி, அதன்மேல் பெரிய அலுமினியத் தாம்பாளம். சரக்கு வாங்கியவர்கள் கூப்பிட்டால் மூட்டையைத் தாம்பாளத்தில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரை சுமப்பாள். இப்படிச் சுமப்பவர்களைக் காயாயோ என்கிறார்கள், பலராகச் சொன்னால் காயாயே. வெயில் ஏறினால் ஒரு பை ‘ப்யூர் வாட்டர்’ வாங்குவாள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பை, மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்ச வேண்டியதுதான். மத்தியானத்துக்குள் மூன்று பையாவது காலியாகும். குடித்த தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கழிப்பறைக்குப் போனால் காசு, வரிசையில் நின்றால் ஒரு சுமை கைவிட்டுப் போகும். ஒருநாள் அவளிடம் கேட்டேன், இன்னும் இரண்டு பை குடித்தால் என்ன என்று. சிரித்துவிட்டு, குடித்தால் அங்கே போக வேண்டுமே என்றாள். சுகாதாரப் புள்ளிவிவரம் எதிலும் இந்தத் தாகம் ஏறாது.

ஊர்ச் சுவர்களில் சிவப்புப் பெயின்ட்டில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதே, ஏ.எம்.ஏ. உத்தரவு’ என்று உங்கள் மாநகர மன்றத்தின் சுருக்கப் பெயரோடு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மன்றத்தின் எழுத்துகளில் மக்கள் அதிகம் படித்தது அநேகமாக அதுதான். அப்படியானால் எங்கே கழிப்பது என்று பக்கத்திலேயே ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் பாதிப் பெயின்ட் மிச்சமாகியிருக்கும். சரி, கிண்டல் போதும்.

2014-ல் வந்த காலராவை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் கிட்டத்தட்ட 29,000 பேரைப் பிடித்தது, 243 பேர் செத்தார்கள். நோயாளிகளில் 20,000 பேருக்கு மேல் கிரேட்டர் அக்ராவில். ஆஸ்பத்திரியில் சேரும்போது எழுதிக்கொள்வது வீட்டு முகவரி. சந்தையில் சாப்பிட்டவர் பக்கத்து ஊர்களான அஷாய்மானிலோ காசோவாவிலோ நோயில் படுத்துவிட்டால், அந்த ஊர் வரைபடத்தில்தான் புள்ளி விழும். கிருமி எந்தச் சாக்கடையோரத்தில் தொற்றியது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. மறு ஆண்டு, 2015 ஜூன் 3 இரவு, என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. க்வாமே என்க்ரூமா சர்க்கிள் பக்கம் வெள்ளம், மழைக்குப் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கிய கூட்டம், அப்புறம் தீ. வெள்ளத்திலும் தீயிலுமாக 150 பேருக்கு மேல் போனார்கள். ‘சேர்க், சேர்க், சேர்க்’ (சர்க்கிள்தான்) என்று மேட், அதாவது நடத்துநர், கூவும் வண்டிகளில் ஊரெங்கும் இருந்து வந்து இறங்கும் இடம் அது. அன்று அங்கே ஒதுங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பகுதியில் வீடு உள்ளவர்களாக இருந்திருப்பார்கள்?

கூட்டம் பிரச்சினை என்றால் கூட்டத்தை அப்புறப்படுத்து என்பது இங்கே பழைய வைத்தியம். 1908-ல் அக்ராவில் பிளேக் வந்தபோது, முன்பு கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜே. சிம்ப்சன் என்பவரை வரவழைத்தார்கள். ஊசி போட்டார்கள், எலி பிடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், நெருக்கமான தெருக்காரர்களை வெளியே குடியேற்றினார்கள். கோர்லே கோன்னோ என்ற பகுதி உருவான கதை அதுதான். வெள்ளைக்காரர் குடியிருப்பைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனைகளில் ஒன்று. சந்தையும் பழைய இரும்புக் கிடங்கும் இருந்த அக்போக்ப்ளோஷியில் 2021 ஜூலையில் வெங்காய வியாபாரிகளை ஊருக்கு வெளியே அட்ஜென் கொடோகுவுக்கு அனுப்பியதிலும், பழைய இரும்புக்காரர்களின் இடத்தை இடித்ததிலும் எனக்கு அந்த வைத்தியத்தின் வாடை அடித்தது. அங்கே விஷப்புகை இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெங்காயம் தின்னும் ஊர் இடம் மாறவில்லையே.

எண்ணுவது வேறு வகை வைத்தியம், அதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. பக்கத்திலேயே ஓல்ட் ஃபடாமா இருக்கிறது. 2002-ல் நீதிமன்றமே வெளியேறச் சொன்ன குடிசைப் பகுதி. அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு வீடு வீடாக எண்ணியபோது 2009-ல் கிட்டத்தட்ட 80,000 பேர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அதைக் காலி மனை மாதிரிப் பேசுவது கடினமாயிற்று. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கர வண்டியில் குப்பை அள்ளும் ‘போலா டாக்ஸி’க்காரர்களை ஒரு காலத்தில் தொல்லை என்று விரட்டினார்கள். அவர்களைப் பதிவு செய்து ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் இதே மன்றம்தான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். பகல் ஜனத்தை எண்ணுங்கள். புது இயந்திரமோ வெளிநாட்டு நிபுணரோ வேண்டாம். கணக்கு எழுதுபவன் என்பதால் சொல்கிறேன், பாதித் தரவு உங்கள் ரசீதுப் புத்தகங்களிலேயே இருக்கிறது. சந்தையில் ஒவ்வொரு வியாபாரிக்கும் தினமும் கிழித்துக் கொடுக்கும் சுங்கச் சீட்டு, ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் வண்டிக்குக் கொடுக்கும் சீட்டு, பொதுக் கழிப்பறையில் காசு வாங்குபவரின் நோட்டு. ஒரு வண்டிக்கு இத்தனை இருக்கை, ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று பெருக்கினாலே உத்தேசமான எண் வந்துவிடும். மீதியை டாங்காஸ் பார்த்துக்கொள்ளட்டும். (1898-ல் இந்த ஊருக்கு டவுன் கவுன்சில் வந்தது. அதன் சுகாதார ஆய்வாளர்கள் வீட்டுக்குள் புகுந்து பானையில் புழு தேடுவார்கள். டவுன் கவுன்சில் என்ற பெயரே மக்கள் வாயில் டாங்காஸ் ஆகி, இன்றும் ஆய்வாளருக்கு அதுதான் பெயர்.) அபராதச் சீட்டோடு போகும் அதே ஆட்கள் இரண்டு நாள் எண்ணும் நோட்டோடு போனால் சந்தைக்காரர்களும் கொஞ்சம் மலைத்துப் போவார்கள்.

அந்த எண் கையில் வந்ததும் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோங்கள். சூத்திரம் எழுதும் பொது நிதி நிர்வாகியிடம் ஒன்று, எங்களையெல்லாம் காலையில் அனுப்பிவைக்கும் பக்கத்து நகராட்சிகளிடம் இன்னொன்று. டெமாவும் அஷாய்மானும் உங்கள் கழிப்பறைச் செலவில் பங்கு தர வேண்டும் என்று கேட்டால், டெமாக்காரன் நானே கைதூக்குவேன். எனக்கு உங்கள் வார்டில் ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாதவனின் சிறுநீர்ப்பைக்காக எந்த உறுப்பினரும் மன்றத்தில் குரல் எழுப்பப் போவதில்லை என்பதும் தெரியும். எண் இருந்தால் அதைக் காட்டியாவது பேசலாம்.

இந்த மடலின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இது நீளமாகிவிட்டது, தமிழில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

எண்ணுவதற்கு ஒரு புதன், ஒரு சனி போதும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். இந்த ஊரின் பூர்வகுடிகளான கா இன மீனவர்கள் அன்று கடலுக்குப் போக மாட்டார்கள், மீன்காரம்மாக்களின் வரத்தும் மாறும், கணக்கு தப்பிவிடும்.

இப்படிக்கு,
டெமா ஸ்டேஷனில் காலையில் இறங்கி மாலையில் ஏறும் ஒருவன்