வாசல் வரைக்கும் வந்து ஊசி போட்டீங்க, முடிவ சொல்ல மட்டும் ஏன் வரல?

அய்யா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

டிபி தடுப்பூசிய வச்சு ஆராய்ச்சி பண்றவங்க, அதுக்கு அனுமதி குடுக்குறவங்க, பணம் போடுறவங்க, அறிக்கை எழுதுறவங்க, எல்லாருக்கும் சேர்த்து தான் இத எழுதுறேன். தனித்தனியா எழுதினா அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லனு சொல்லிடுவீங்க, அதான் மொத்தமா ஒரே கவர்ல.

2024-ல பெரியவங்களுக்கு வேலை செய்யுதானு பாக்க பிசிஜிங்குற டிபி தடுப்பூசி போட ஆரம்பிச்சீங்க இல்ல, 60 வயசு தாண்டினவங்க, சுகர் இருக்குறவங்க, பீடி சிகரெட் புடிக்கிறவங்க, உடம்பு எடை ரொம்ப கம்மியா இருக்குறவங்க, முன்னாடி டிபி வந்தவங்க, வீட்ல டிபி பேஷண்ட் இருந்தவங்கனு ஒரு லிஸ்ட் போட்டு. அந்த லிஸ்ட்ல எங்க அம்மா ரெண்டு இடத்துல மாட்டுவாங்க, வயசு 62, சுகர் 15 வருஷமா. நர்சம்மா வீட்டுக்கே வந்தாங்க, நல்ல மாதிரி தான் பேசினாங்க, ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, அடுத்த வாரம் கேம்ப்ல ஊசி போட்டாச்சு. எந்த மாவட்டம், எந்த ஊருனு நான் சொல்ல போறதில்ல. சொன்னா அந்த நர்சம்மாவுக்கு தான் மெமோ வரும், உங்களுக்கு ஒண்ணும் வராது.

மூணு வாரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஊசி போட்ட எடத்துல சின்னதா ஒரு கட்டி, அப்புறம் அது பழுத்து சீழ் வச்சிடுச்சு. உங்களுக்கு இது சாதா விஷயம், பிசிஜி போட்டா அப்படித்தான் புண்ணாகும், ரெண்டு மூணு மாசத்துல தானா ஆறி தழும்பாகும், புத்தகத்துலயே இருக்கு. எங்க அம்மாவுக்கு அது தெரியாது. அவங்களுக்கு தெரிஞ்சதெல்லாம் எங்க தெருவுல சுகர் இருந்த ஒரு அண்ணனுக்கு கால் கட்டவிரல்ல வந்த சின்ன புண்ணு ஆறாம போயி விரல எடுத்தது தான். ஜாக்கெட் கைய கீழ இழுத்து இழுத்து விட்டு மறைச்சிகிட்டு, எங்க யார்கிட்டயும் சொல்லாம, பத்து நாள் மஞ்ச பத்து போட்டுட்டு இருந்திருக்காங்க. ராத்திரி தூக்கம் இல்ல. கை போயிட்டா யாரு சமைக்கிறதுனு யோசிச்சாங்களாம். நான் பார்த்துட்டு பேப்பர்ல இருந்த நம்பருக்கு போன் போட்டேன், நாலு நாள் போட்டேன், ரிங் போவும், எடுக்க ஆள் இல்ல. பிரைவேட் கிளினிக் கூட்டிட்டு போனோம், அவரு ஊசி கீசி போட்டீங்களானு கேக்கவே இல்ல, ஆன்டிபயாடிக் எழுதினாரு, ரத்த டெஸ்ட் எழுதினாரு, 1,800 ரூபா. கடைசில பக்கத்து வீட்ல கொழந்தைக்கு பிசிஜி போட்டு வந்த புண்ண காட்டி "அத்தை, இது அதே தான்"னு அந்த பொண்ணு சொன்னப்ப தான் அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. பச்ச கொழந்தைக்கு வர்ற புண்ணு எனக்கு வந்திருக்குதேனு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

புண்ணு வரும், பயப்படாதீங்க, இப்படி வச்சிக்கோங்க, மருந்து ஒண்ணும் வேணாம். நாலு வரி. தமிழ்ல. அத சொல்ல எவ்ளோ நேரம் ஆகும் சொல்லுங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதி இருக்க மாட்டேன். விஷயம் என்னனா எங்க அம்மா பொறந்தது திருவள்ளூர் தாலுக்கா. திருவள்ளூர்னு சொன்ன உடனே உங்கள்ல பாதி பேருக்கு பல்பு எரிஞ்சிருக்கும். ஆமா, அதே தான். 1968-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்), உலக சுகாதார நிறுவனம், அமெரிக்காவோட பொது சுகாதார துறை எல்லாம் சேர்ந்து நடத்துன செங்கல்பட்டு பிசிஜி சோதனை, திருவள்ளூர் அப்ப செங்கல்பட்டு மாவட்டத்துல தான் இருந்துச்சு. உலகத்துல எந்த மூலைல டிபி பத்தி படிச்சாலும் அந்த பேரு வரும். 1971 வரைக்கும் ஊர் ஊரா போயி 2 லட்சத்து 81 ஆயிரம் பேருக்கு மேல ஊசி போட்டாங்க, சில பேருக்கு முழு டோஸ், சில பேருக்கு அதுல பத்துல ஒரு பங்கு, சில பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. அந்த 2 லட்சத்து 81 ஆயிரத்துல ஒண்ணு எங்க அம்மா, அப்ப 6 வயசு. ஆயா, அதாவது எங்க பாட்டி, இடுப்புல தூக்கிட்டு போயி வரிசைல நின்னாங்களாம். எக்ஸ்ரே வண்டி வந்தா ஊர் பசங்க எல்லாம் பின்னாடியே ஓடுவாங்களாம், அம்மாவுக்கு இன்னும் அந்த வண்டி சத்தம் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப வருவாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க, சளி வாங்கிட்டு போவாங்க. 15 வருஷம். கூலிக்கு போற ஜனங்க, நாத்து நடுறத விட்டுட்டு வந்து நின்ன ஜனங்க.

முடிவு என்ன? 1979-ல மொத ரிப்போர்ட் வந்துச்சு, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய இந்த ஊசி தடுக்கலனு. 1999-ல 15 வருஷ ரிப்போர்ட் வந்துச்சு, அதுலயும் அதே தான், சின்ன பசங்களுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் பலன். பிரிட்டன்ல ஸ்கூல் முடிச்ச பசங்களுக்கு போட்டப்ப நூத்துக்கு 75-க்கு மேல காப்பாத்துன ஊசி இங்க வந்து ஏன் படுத்துடுச்சுனு உலகமே மண்டைய ஒடச்சிகிட்டு இருக்கு, மண்ணுலயும் தண்ணிலயும் இருக்குற வேற கிருமிங்களால இருக்கலாம்னு ஒரு கணக்கு. கைக்கொழந்தைக்கு போடுற பிசிஜிய நான் குறை சொல்லல, தயவு செஞ்சு யாரும் இத படிச்சிட்டு கொழந்தைக்கு போடாம விட்றாதீங்க, மூளை காய்ச்சல் மாதிரி வர்ற கொடூரமான டிபில இருந்து அது காப்பாத்துது.

நான் கேக்குறது, இந்த முடிவு திருவள்ளூர் ஜனங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு? எங்க அம்மாவுக்கு எப்ப தெரிஞ்சுச்சுனு எனக்கு தெரியும். 2024-ல, நான் இன்டர்நெட்ல படிச்சு சொன்னப்ப. 56 வருஷம் கழிச்சு. அதுவும் அதே ஊசிய அதே கைல மறுபடி வாங்கின பிறகு. அவங்க இடது கைல ரெண்டு பழைய தழும்பு இருக்கு, ஒண்ணு பெரியம்மை குத்துனது, இன்னொண்ணு எதுன்னு தெரியல. "அப்ப எனக்கு போட்டது மருந்தா தண்ணியாடா"னு கேட்டாங்க. நான் என்னத்த சொல்ல.

வாசலுக்கு வந்து கேட்டீங்க, வாசலுக்கு வந்து சொல்லுங்க. என் கோரிக்கை இவ்ளோ தான்.

இது நான் புதுசா கண்டுபுடிச்ச சட்டம் இல்லீங்க. மனுசங்கள வச்சு பண்ற ஆராய்ச்சிக்கு உலக அளவுல இருக்குற நெறிமுறை, ஹெல்சிங்கி பிரகடனம்னு நீங்களே ஒவ்வொரு ஆய்வு திட்டத்துலயும் கீழ எழுதுறீங்களே, 2013-ல திருத்துனதுல தெளிவா இருக்கு, சோதனைல கலந்துகிட்டவங்க எல்லாருக்கும் அதோட பொதுவான முடிவ தெரிஞ்சிக்குற வாய்ப்பு குடுக்கணும்னு. இங்கிலீஷ் ஜர்னல்ல போட்டுட்டோமேனு சொல்லாதீங்க. ஆயா எந்த ஜர்னலுக்கும் சந்தா கட்டல.

மறுபடி பெரியவங்களுக்கு பிசிஜி போட்டு பாக்கணும்னா அதுக்கு காரணம் இருக்கலாம், இல்லனு சொல்ல நான் டாக்டர் இல்ல. மலாவில கரோங்காங்குற ஊர்ல ரெண்டாவது தடவ போட்டு பார்த்தாங்க, டிபிக்கு வேலை செய்யல, ஆனா தொழுநோய பாதியா கொறச்சிச்சு. பிரேசில்ல ஸ்கூல் பசங்களுக்கு ரெண்டாவது டோஸ், அதுலயும் பெருசா ஒண்ணும் இல்ல. தென்னாப்பிரிக்காவுல 2018-ல ஒரு சின்ன சோதனை நம்பிக்கை குடுத்துச்சு, அதையே 1,800 பசங்கள வச்சு பெருசா பண்ணி பார்த்தா 2025-ல அது நிக்கல. சரி, இவ்ளோ தெரிஞ்சும் நம்ம ஊர்ல எளைச்சவங்க, வயசானவங்களுக்கு வேலை செய்யுதானு பாக்கணும்னா பாருங்க. ஆனா கையெழுத்து வாங்கும்போது "இதே ஊசிய உங்க ஊர்லயே போட்டு பார்த்தோம், அப்ப பலன் இல்ல, இப்ப இன்ன காரணத்துக்காக மறுபடி பாக்குறோம்"னு ஒரு வரி சொல்லி இருந்தா எங்க அம்மா வேணாம்னா சொல்லி இருப்பாங்க? போட்டு தான் இருப்பாங்க. அவங்க அண்ணன் டிபில தான் போனாரு. தெரிஞ்சு போட்டுக்கிட்டு இருப்பாங்க, அவ்ளோ தான் வித்தியாசம்.

எங்க ஜனங்க சோதனைக்கு என்னைக்கும் பின்வாங்கினதே இல்ல. 1956-ல மெட்ராஸ்ல 193 டிபி பேஷண்ட்ட ரெண்டா பிரிச்சு, பாதி பேர சானடோரியம்ங்குற டிபி ஆஸ்பத்திரில, பாதி பேர குடிசை வீட்லயே வச்சு மருந்து குடுத்து பார்த்தாங்களே, வீட்ல இருந்தவங்களும் அதே மாதிரி குணமானாங்களே, அத வச்சு தான உலகம் பூரா சானடோரியத்துக்கு பூட்டு போட்டுச்சு. அந்த 193 பேரோட வீட்டுக்காரங்கள்ல எத்தன பேருக்கு தெரியும் அவங்க தாத்தாவால உலகத்துல வைத்தியமே மாறிச்சுனு? கெட்ட செய்தி தான் சொல்லல, நல்ல செய்தியாவது சொல்லி இருக்கலாம்ல.

ஆனா கணக்குனு வரும்போது மட்டும் உங்களுக்கு எல்லாம் கரெக்டா ஞாபகம் இருக்கும். கோவிட் ஊசிக்கு தென்னாப்பிரிக்கா ஜனங்க சோதனைக்கு கை நீட்டுனாங்க. ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்கு விலை பேசும்போது அவங்களுக்கு ஒரு டோஸ் 5.25 டாலர், ஐரோப்பாவுக்கு ரெண்டு டாலர் சொச்சம். கேட்டா ஐரோப்பாக்காரங்க ஆராய்ச்சிக்கு முன்பணம் போட்டவங்களாம். அப்ப காசு குடுத்தவன் பங்காளி, கை குடுத்தவன் வெறும் ஆளு. இப்ப புது டிபி ஊசி எம்72, கென்யா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கால சுமார் 3,500 பேருக்கு போட்டு பாதிக்கு பாதி காப்பாத்துதுனு 2018-19-லயே தெரிஞ்சிடுச்சு, அடுத்த கட்ட சோதனை தொடங்கினது 2024 மார்ச்ல. கோவிட்டுக்கு ஒரு வருஷத்துல ஊசி வந்துச்சு, ஏன்னா அது லண்டனுக்கும் வந்துச்சு.

அதே 2024 மார்ச்ல தான் இங்க டிபி மாத்திரை ஸ்டாக் இல்லனு மாநிலங்களே உள்ளூர்ல வாங்கிக்கங்கனு டெல்லில இருந்து லெட்டர் போச்சு. ஊசி போட ஆள் வருது, இருக்குற நோய்க்கு மாத்திரை வரல. கிண்டில 1948-ல இருந்து பிசிஜி தயாரிச்ச நம்ம சொந்த லேபையே 2008-ல லைசென்ஸ நிறுத்தி மூடி வச்சு, 2010-ல மறுபடி சரினு சொன்னவங்க தான நீங்க. இன்னொண்ணு, ஜார்கண்ட்ல ஒரு சோதனை நடந்துச்சு, ஊசியே கிடையாது, டிபி பேஷண்ட் வீட்ல இருக்குறவங்களுக்கு தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. வீட்ல மத்தவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சிச்சுனு 2023-ல வந்துச்சு. அரிசியும் பருப்பும்! இத எங்க ஆயாகிட்ட கேட்டிருந்தா 1968-லயே சொல்லி இருக்கும், வரிசைல நிக்க வச்சு சளிய தான வாங்கினீங்க, வாய தொறந்து ஒரு வார்த்த பேச விட்டீங்களா.

சரி. கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சிடுங்க. உங்கள்ல நெறைய பேரு ராப்பகலா உழைக்கிறவங்கனு தெரியும், அந்த நர்சம்மா வெயில்ல ஸ்கூட்டில வந்தத நானே பார்த்தேன். அவங்க கைல ஒரு தமிழ் நோட்டீஸ் குடுத்து அனுப்பி இருந்தா அவங்களும் தான் சொல்லி இருப்பாங்க.

அதனால பணிவா கேக்குறேன். பெரியவங்க பிசிஜி ஆய்வோட முடிவு வர இன்னும் நாளாகும்னு புரியுது, அவசரம் இல்ல. வரும்போது, நல்லதோ கெட்டதோ, ஜர்னலுக்கு அனுப்புற அன்னைக்கே ஊசி போட்டுகிட்ட ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஒரு பக்கம் தமிழ்ல அனுப்புங்க, படிக்க தெரியாதவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பி சொல்ல சொல்லுங்க. விலாசம், போன் நம்பர், ஆதார் எல்லாம் உங்க போர்ட்டல்ல இருக்கு, நீங்க தான் வாங்கினீங்க. போன் நம்பர் குடுத்தா அத எடுக்க ஒரு ஆள் போடுங்க. அப்புறம் 1968 ரெஜிஸ்டர் எங்கயாவது பீரோவுல இன்னும் இருந்துச்சுன்னா, திருவள்ளூர் தாலுக்கால அப்ப 6 வயசா இருந்த ஒரு பொண்ணுக்கு போட்டது மருந்தா தண்ணியானு மட்டும் பார்த்து சொல்லிடுங்க.

அம்மா காலைல நூறு நாள் வேலைக்கு போயிடுவாங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேல வீட்ல தான் இருப்பாங்க. வந்தீங்கன்னா கண்டிப்பா காபி குடுப்பாங்க.

இப்படிக்கு,
ரெண்டு தடவ ஊசி போட்டுகிட்டவங்களோட மகன்