மெத்தை வீட்டைத் தேடும் மணிக்கு

குடியாத்தம்

அன்புள்ள மணிக்கு,

கடிதமும், நீ தேடும் வீடு வருகிற அந்த சினிமாக் காட்சியிலிருந்து அச்செடுத்து அனுப்பிய எட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. மெத்தை வீடு (மாடி வீடு), முன்னால் திண்ணை, நாலு தூண், பின்னால் மொட்டைப் பாறை மலை. நம்ம வடாற்காடுதான் என்று நீ சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் சுவரின் நிறத்தையும் தூணின் பூவேலையையும் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடாதே. கலை இயக்குநர் முதலில் கை வைப்பதே அங்கேதான். மரத்தூணைச் சுற்றி பிளைவுட் அடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பூ வைத்து, படப்பிடிப்பு முடிந்ததும் பிய்த்துவிடுவார்கள். படி எத்தனை, வாசக்கால் நடுவில் இருக்கிறதா ஒதுங்கி இருக்கிறதா, ஜன்னலில் கம்பி எத்தனை, இவற்றை எண்ணி எழுதி வை. இதிலெல்லாம் யாரும் அவ்வளவு சுலபமாகக் கை வைப்பதில்லை.

அதற்கும் முன்னால் படமே சரியா என்று பார். இணையத்தில் ஏற்றும்போது பாட்டுக் காட்சிகளை இடவலம் மாற்றிவிடுகிறார்கள். ஆம்பளை சட்டைப் பை இடது மார்பில், முந்தானை இடது தோளில் இருக்க வேண்டும். உன் மூன்றாவது படத்தில் பை வலப்பக்கம் இருக்கிறது. எட்டும் ஒரே பிரதியிலிருந்து எடுத்ததென்றால் எட்டையும் திருப்பிப் போடு. இல்லாவிட்டால் மலை கிழக்கே இருக்கும் ஊரை மேற்கே வைத்துத் தேடிக்கொண்டிருப்பாய். சினிமாஸ்கோப் படம் டிவி அகலத்துக்கு நசுங்கியும் இருக்கும். சைக்கிள் சக்கரம் வட்டமாகும்வரை பக்கவாட்டில் இழு. அப்புறம்தான் தூண் இடைவெளியை அளக்க வேண்டும்.

இனி மலை. இதில்தான் பொறுமை வேண்டும். நீளமான லென்ஸ் போட்டால் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலைகூட புழக்கடையில் நிற்பதுபோலத் தெரியும். அதனால் மலை எவ்வளவு பெரிது என்பதை நம்பாதே. ஒரு மலை இன்னொரு மலையை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார். எந்த லென்ஸ் போட்டாலும் அது மாறாது. கேமரா நின்ற இடம் மாறினால்தான் மாறும். உன் ஏழாவது படத்தில் முன்மலையின் இடது தோள், பின்மலையின் பள்ளத்தைச் சரியாகப் பாதியில் வெட்டுகிறது. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தையும் தோளையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, நம் பக்கம் நீட்டு. வீடு அந்தக் கோட்டின் மேல், கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். இதேபோல் வேறொரு திசையில் இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் ஊர். ஒரே பக்கம் இருக்கும் ஜோடிகளை எடுத்தால் கோடுகள் நெருக்கமாக ஓடி, வெட்டும் புள்ளி மைல் கணக்கில் தள்ளிப்போகும்.

கூகுள் எர்த்தில் சின்னப் பாறைகள் மழுங்கிவிடும். பெரிய தோள்களை மட்டும் ஒப்பிடு. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத் தாளில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு இருக்கும், அதையும் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு மேடு குறைகிறதே என்று ஊரை ஒதுக்கிவிடாதே, கல்குவாரி தின்றிருக்கலாம். பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷம் வருஷமாகப் பின்னால் நகர்த்திப் பார்.

நிழலை வைத்து வாசல் திசை சொல்லலாம். ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் பத்தடித் தூணின் நண்பகல் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் விழும்; ஜூனில் அதே தூணுக்குத் தெற்கே இரண்டடிகூட வராது. மாதம் தெரியாமல் வடக்கு தெற்கு சொன்னால் தலைகீழாகப் போகும். கட்டையான நிழலென்றால் கோடை, நீளமென்றால் குளிர்காலம் என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் நண்பகல் காட்சியாக இருந்தால் மட்டும்.

தெருவில் ஓடும் வண்டிகளையும் விடாதே. நாயகன் ஓட்டும் கார் சென்னையிலிருந்து வந்திருக்கும், அதன் எண்ணால் பயனில்லை. ஓரமாகப் போகிற பைக்கில் டிஎன் 23 இருந்தால் வேலூர்ப் பக்கம், 73 ராணிப்பேட்டை, 83 வாணியம்பாடி. பஸ்ஸில் பட்டுக்கோட்டை அழகிரி பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது: அது நம்ம பக்கத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய பெயர், 1997-ல் கழகங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயர்களை எடுப்பதற்கு முந்தைய படம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானதால், பழைய குறிப்பில் வேலூர் என்றிருக்கும் ஊரை ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பட்டியலிலும் தேடு.

ஊருக்குள் போய்க் கேட்கும்போது நடிகர் முகம் இல்லாத படத்தை நீட்டு. முகம் இருந்தால் அந்த நடிகர் வந்த வேறு ஷூட்டிங்கைச் சொல்லிவிடுவார்கள். "இந்த வீடுதானே?" என்று கேட்டால் மரியாதைக்காவது ஆமாம் என்பார்கள். "ஷூட்டிங் எடுத்த மெத்தை வீடு எது?" என்று மட்டும் கேள். இஸ்திரி போடுபவர், தபால்காரர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுபவர், இவர்களுக்கு நினைவிருக்கும். மணியம், கர்ணம் என்ற பழைய கிராம அதிகாரிப் பதவியெல்லாம் 1980-லேயே போய்விட்டாலும் ஊரில் இன்னும் "மணியக்காரர் வீடு" என்றுதான் வழி சொல்வார்கள். வீடு கிடைத்தாலும் சினிமாவில் உள்ளே காட்டும் முற்றம் அங்கே இல்லாமல் போகலாம். வெளிப்புறம் ஒரு ஊர், உட்புறம் செட் என்பது சாதாரணம். வாசக்காலின் கதவு வெளியிலும் உள்ளேயும் ஒன்றுதானா என்று குமிழ்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர் அனுமதி தராமல் ஒரு படமும் எடுக்காதே. பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீடுகள் இதில் நிறைய. பழைய காட்சியின் பெரிய அச்சு ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடு; அவர்களிடம் பெரும்பாலும் அது இருக்காது.

ஏழாவது படத்துக்கு முன்னும் பின்னும் பத்து விநாடிக் காட்சியை முழுசாக அனுப்பு. கேமரா வலப்பக்கம் திரும்புவதுபோல் தெரிகிறது. இரண்டாவது ஜோடி மலை அதில் இருந்தால் கோட்டை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோபி