உப்புத் தண்ணீர் தாங்கும் கால்

ஐயா,

உயிர்மருத்துவப் பொறியியல் (மருத்துவக் கருவிகள், செயற்கை உறுப்புகள் உருவாக்கும் துறை) ஆராய்ச்சி என்றாலே செயற்கை நுண்ணறிவு, மூளை அலை என்றுதான் பேச்சு. அவையும் வேண்டியதுதான். எங்கள் தேவனாம்பட்டினத்துக் கதை வேறு.

என் சித்தப்பா மீன்பிடித் தொழிலாளி. சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் போட்டு ஆறே மாதத்தில் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. இடுக்கில் மணல் புகுந்து, நடந்தால் நறநறவென்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் ஓட்டுகிறார். சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள், அதாவது மிச்சமுள்ள காலைச் செருகும் கூட்டுக்குள், வேர்வை தேங்கி, தோல் வெந்து புண்ணாகிவிடுகிறது.

1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பர் பாதம் உருவாக்கியபோது, வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்களையும் சம்மணமிட்டு உட்காருபவர்களையும் மனதில் வைத்துச் செய்தார்கள். கடலோரத்துக்கும் அப்படி யாராவது யோசிக்க வேண்டாமா? துருப்பிடிக்காத இணைப்பு, காற்றோட்டமுள்ள சாக்கெட், உப்பில் ஊறினாலும் வெடிக்காத ரப்பர் – ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இத்துறை படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடினால், ஒருநாள் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் துறைமுகத்துக்கு வரட்டும். சித்தப்பா காலைக் கழற்றியே காட்டுவார். கூச்சப்பட மாட்டார்.

– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்