“அவனாகத்தான் இருக்கும்”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க பாட்காஸ்ட் வழக்குக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண்ணாடி மேல் சந்தேகம் வந்தது. இரண்டாம் முறை உங்கள் கட்டுரையாளர் மேல். “அட்னான் சையது நிரபராதி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனியும் சந்தேகப்படுகிறவர்கள் காதில் பஞ்சு வைத்திருப்பவர்கள்” என்று எழுதியிருக்கிறார். காதில் பஞ்சு வைக்காமல் இருந்ததற்காகவே முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து நீதிமன்றங்களில் தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது என் உத்தியோகம்.

நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. முன்னாள் காதலியைக் கொன்றதாக அட்னான் சையது மேல் 2000-ல் வந்த தீர்ப்பை 2022 செப்டம்பரில் ரத்து செய்தார்கள். அடுத்த மாதம் அரசுத் தரப்பு வழக்கையே கைவிட்டது. கொலையுண்ட பெண்ணின் உடன்பிறந்தவர் நேரில் வந்து நிற்கப் போதிய அவகாசம் தரவில்லை என்று 2023-ல் அந்த ரத்தும் ரத்தானது. 2024-ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதையே உறுதி செய்தது. 2025 மார்ச்சில் ஒரு நீதிபதி, இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று தண்டனையைக் குறைத்தார். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டவரெல்லாம் நிரபராதி என்றால், எங்கள் தெருவில் நிரபராதிகளுக்குப் பஞ்சமே இல்லை.

அதற்காக அவர்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வழக்கைத் துருவி 2014-ல் வந்த ‘சீரியல்’ பாட்காஸ்டின் பன்னிரண்டு பகுதிகளையும் பேத்தியின் காரில் கேட்டவன்தான் நானும். உடலைப் புதைக்க உதவியதாகச் சொன்ன முக்கிய சாட்சியின் வாக்குமூலம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கார் நின்ற இடத்தைப் போலீசாருக்குக் காட்டியவரும் அவரே. கைத்தொலைபேசிக் கோபுரத்தைப் பெரிய சான்றாகக் காட்டினார்கள். உள்வரும் அழைப்புகளை வைத்து இடத்தைச் சொல்வது நம்பத்தக்கதல்ல என்று தொலைபேசி நிறுவனமே தன் ஃபேக்ஸின் முகப்புத் தாளில் எழுதி அனுப்பியிருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஜூரிகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

ஜூரி என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் “ஜூரிகள் முடிவு செய்தனர்” என்று அதே 2014-ல் அச்சிட்டீர்கள். இந்த நாட்டில் 1969-லேயே ஜூரி முறையை எடுத்துவிட்டார்கள். தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி தோகோசிலே மாசிபா, உடன் இரண்டு அசெஸர்கள், அதாவது நீதிபதிக்குத் துணையாக அமர்கிறவர்கள். அவர் கொலை இல்லை, அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்றார். மறு ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது. திருத்தம் கேட்டு எழுதினேன். பதிலாகத் தீபாவளி வாழ்த்து அட்டை வந்தது. அதற்கு முன் ஒரு முறை டர்பனைக் கொண்டுபோய் மொரீஷியஸில் வைத்தீர்கள், அதை மன்னித்துவிட்டேன்.

ஆனால் “சந்தேகம்” என்ற சொல்லை இவர் கையாளும் விதத்தை மன்னிக்க முடியவில்லை. 1974 என்று நினைவு. கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆயா சாட்சிக் கூண்டில் நின்றார். கோழித் திருட்டு வழக்கு. இருட்டில் கொல்லைப்புறமாக ஓடியவன் இதோ நிற்கிற இவன்தானா என்று கேள்வி. “அவனாகத்தான் இருக்கும் சாமி” என்றார். அந்த “இருக்கும்” எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத் தமிழ் இதழ் நடத்தும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணி ஒன்று ஆகப் போகிறது. மாஜிஸ்திரேட் ஆயாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஆமாவா, இல்லையா?” ஆமாம், இவன்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அதுதான் பதிவேட்டில் ஏறியது. பையனுக்கு ஆறு மாதம். கோழியை அவன் எடுத்துமிருப்பான். ஆனால் ஆயாவின் சந்தேகத்தைத் தின்றது நான். இன்றுவரை செரிக்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வது நியாயமாக உண்மையாக “இருக்கக்கூடும்” என்றால் விட்டுவிட வேண்டும், நீதிபதி அதை நம்பியாக வேண்டிய அவசியம்கூட இல்லை என்று இந்த நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1937-லேயே சொல்லியிருக்கிறது. இதை ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழ் வரிசையில் நின்றுகொண்டு மைத்துனரிடம் சொன்னேன். அவர் உங்கள் இதழை என் மூக்குக்கு நேரே நீட்டி, “அச்சில் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்றார். பின்னால் நின்றவர்களும் அவர் பக்கம். கூழ் ஆறிவிட்டது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை என்று இரண்டு வரி போடுங்கள். கைலி விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சம்மதம். இறந்த பெண்ணின் பெயர் ஹே மின் லீ. நான்கு பக்கக் கட்டுரையில் அது ஒரே இடத்தில், அதுவும் பிழையாக வந்திருக்கிறது. அதையும் சேர்த்துத் திருத்தினால் நன்றி. அந்த இதழில் இரண்டு பிரதி அனுப்பவும். ஒன்று மைத்துனருக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்