ஆண்டறிக்கை: மாணவர் நாடகக் குழுவின் யாழ்ப்பாணப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சனிக்கிழமைப் பயிற்சி, மழை நாட்கள் தவிர, தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி யாழ்ப்பாணப் பயணத்துக்கே. அடுத்த அணியை அழைத்துச் செல்பவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகச் சிறு விவரங்களையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வதை அங்கே இசை நாடகம் என்கிறார்கள். தமிழகத்திலிருந்து போன நாடகக் குழுக்கள் வழியாக வேரூன்றிய கலை அது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்து, அரிச்சந்திரன் கதையின் சுடுகாட்டுப் பகுதியான மயான காண்டத்தைத் தனி நாடகமாகவே ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தவர். நாகப்பட்டினத்துக் கப்பல் போய்ச் சேர்வதும் அதே காங்கேசன்துறைக்குத்தான். ஆகவே விடிய விடிய நடக்கும் நாடகத்தை விட்டுவிட்டு, மயான காண்டத்தை மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி 14 மாணவர்களுக்குப் பழக்கினோம்.

அதிக நாள் தின்றது பாஸ்போர்ட். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் ஆதாரிலும் இனிஷியலோடுதான் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அதைத் திருத்திய பிறகே மீண்டும் போக முடியும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதல் படிவமும் வேண்டும். தந்தை வளைகுடாவில் வேலை பார்த்தால் அது வந்து சேரவே பல வாரம் ஆகும். ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்காவிட்டால் இரண்டு மூன்று பிள்ளைகள் கட்டாயம் விடுபடுவார்கள்.

இலங்கைக்குள் நுழைய வாங்கும் மின்னணு அனுமதியில் சுற்றுலா வகையைக் கேட்கக் கூடாது. கலை, இசை, நடன நிகழ்ச்சிகளில் பங்கேற்பது அங்கே வணிகப் பயண வகையில் வருகிறது. அழைப்பவர்களின் கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு அதன்படி விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் மேடை எதையும் நாம் ஏற்கவில்லை; இனியும் ஏற்க வேண்டாம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ.தான். 1964 புயல் வரை அந்த வழியில் கப்பல் ஓடியது. இன்றோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. கடலைக் கடக்க வேண்டியிருக்கிறது. நம் கரையில் பிறந்த எவருக்கும் இது உறுத்தும். கப்பலில் நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுவிடும். வாந்தி எடுத்த தொண்டையில் குரல் எழும்பாது. எனவே இறங்கிய அன்று நிகழ்ச்சி வைக்கவே கூடாது.

பெட்டி கட்டும்போது சில விஷயங்களில் தவறினோம். முகப்பூச்சுக்கான முத்துவெள்ளையைப் பெயர் ஒட்டாத பாலிதீன் பையில் கட்டியிருந்தோம். அது துத்தநாக ஆக்சைடு. பார்வைக்கு வெறும் வெள்ளைத் தூள். சோதனையில் விளக்கி முடிக்க வெகு நேரம் பிடித்தது. கடைச் சீட்டோடு, பிரிக்காத டப்பாவில்தான் கொண்டுபோக வேண்டும். அரிச்சந்திரனின் இறந்த மகன் லோகிதாசனின் உடலுக்கு வைக்கோல் பொம்மை செய்திருந்தோம். தாவரப் பொருள் என்பதால் நாகையிலேயே பிரித்துக் கொட்டிவிட்டுப் பழைய சேலையைத் திணித்தோம். இனி முதலிலேயே துணிதான். மயானக் காட்சிக்குக் கற்பூரமும் மண்ணெண்ணெயும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சுருதிப் பெட்டியின் பிளக் அங்குள்ள சதுர ஊசித் துளையில் நுழையாது; அடாப்டர் இரண்டு வேண்டும். வாளை மரத்தில் செய்திருந்ததால் சிக்கல் வரவில்லை.

சுருதிதான் உண்மையான சோதனை. அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியாகப் பாடும் மாணவிக்கு 5 கட்டை. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. அரிச்சந்திரனோ குரல் உடைந்த பையன், அந்த உயரத்தில் கத்தத்தான் முடியும். ஒரு பாட்டுக்கு ஒரு சுருதி என்று மாற்றினால் ஒரே மிருதங்கம் போதாது. ஆர்மோனியக்காரர் சொன்ன வழி இது: அவனுக்கு 5 கட்டையின் மத்திமத்தை (நான்காம் சுரமான ம) ஆதாரமாக வைத்தால் 1 கட்டை ஆகும், 5 கட்டைக்குச் சேர்த்த மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) அதற்குப் பஞ்சமமாக (ஐந்தாம் சுரமான ப) நின்றுவிடும். இருவரும் கேள்வி பதிலாகப் பாடும் இடங்களில் அந்த மாற்றத்தை மட்டும் இருபது நாள் பழக்கினோம். மேடையில் பிசகவில்லை.

கடற்காற்றில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். நிகழ்ச்சிக்கு அரை மணி முன் வலந்தலைப் பின்னலை மேலிருந்து தட்டி ஏற்ற வேண்டும். இடப்பக்கமான தொப்பியில் பூசிய ரவையை முடிந்த கையோடு சுரண்டி எடுக்காமல் விட்டதால் தோல் கெட்டது. அந்தச் செலவைக் கணக்கில் காண்பீர்கள்.

ஆட்டத்தைச் சபையோர் ஊன்றிக் கேட்டார்கள். கோமாளியான பபூனின் மதுரைப் பக்கத்துப் பேச்சு மட்டும் எடுபடவில்லை. அதைவிட மறுநாள் அங்குள்ள மூத்த கலைஞர்களிடம் உட்கார்ந்து கேட்ட மூன்று மணி நேரமே பெரிய பயன். அதே பாடலை அவர்கள் நிதானமாக, சொல் தெளிவாகப் பாடுகிறார்கள். நம் பிள்ளைகள் ஒரே அடியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியில் சொல்லை விழுங்குகிறார்கள்.

ஊர் பார்க்க ஒரு நாள். போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் விரித்த ஐங்கோணக் கோட்டை, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம், நல்லூர்க் கந்தசுவாமி கோயில். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அங்கே 25 நாள் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணியில் தங்க இடம் கிடைப்பது அரிது. மாசி, பங்குனியே தோது.

பேரவையின் முன் வைக்கும் தீர்மானங்கள்: அடுத்த பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேலையை வரும் மாதமே தொடங்குவது, மூத்த கலைஞர்களிடம் கற்க இரண்டு முழு நாள் ஒதுக்குவது, மிருதங்கத்துக்குத் தோல் மாற்றத் தொகை அனுமதிப்பது.

செயலாளர்