ஃபெல்லோவாகச் சேரும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ரேடியாலஜி ரெசிடென்சி முடித்து ஃபெல்லோவாக, அதாவது மேற்பயிற்சி பெறும் மருத்துவராகச் சேர்கிறாய். இனி நீ மாணவியும் இல்லை, முழுப் பொறுப்பேற்கும் மூத்த மருத்துவரான கன்சல்டன்ட்டும் இல்லை. இரவில் நீ எழுதும் ரிப்போர்ட்டை நம்பி நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள்; காலையில் அதே ரிப்போர்ட்டைக் கன்சல்டன்ட் திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் படிப்பே இருக்கிறது. ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்: கன்சல்டன்ட் வாய் திறக்கும் முன் உன் முடிவை எழுதி வைத்துவிடு. 'எனக்கும் அப்படித்தான் தோன்றியது' என்று பிற்பாடு யாரும் சொல்லிவிடலாம். எதைக் கோட்டைவிட்டோம் என்பது எழுதி வைத்தவருக்குத்தான் தெரியும்.

படத்தைத் திறந்ததும் நோயைத் தேடாதே. படம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று முதலில் பார். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று கேட்டு எடுத்த சி.டி.யையே எடுத்துக்கொள்வோம். பிரதான நுரையீரல் தமனியில் ஒரு வட்டம் போட்டு, அந்த இடம் எவ்வளவு வெண்மை என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணைப் படி. 250-க்கு மேல் என்றால் நிம்மதி. 150 தான் என்றால், சிறு கிளைகளில் கட்டி இல்லை என்று உறுதியாக எழுத முடியாது. ஏன் குறைந்தது என்று விசாரி. ரத்தக் குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தான கான்ட்ராஸ்ட் விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் போக 18 அல்லது 20 கேஜ் ஊசி வேண்டும். அதைவிட மெல்லிய ஊசி போட்டு வேகத்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் மேற்பெருஞ்சிரையும் பெருந்தமனியும் பளிச்சென்று இருந்து, இடையில் நுரையீரல் தமனி மட்டும் மங்கியிருந்தால் சங்கதி வேறு. ஸ்கேன் ஓடும் நேரத்தில் நோயாளி ஆழமாக மூச்சை இழுத்திருப்பார். அப்போது கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ஒரேயடியாக இதயத்துக்குள் வந்து நீர்க்க வைத்துவிடுகிறது. மறுபடி எடுப்பதென்றால் 'நன்றாக மூச்சை இழுங்கள்' என்று சொல்லாமல் 'இப்படியே மூச்சை நிறுத்துங்கள்' என்று சொல்லுமாறு டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேன் எடுப்பதைப் பார்க்க வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கு. படம் ஏன் கெட்டது என்பதை அங்கேதான் கற்க முடியும்.

தலை சி.டி.யில் விண்டோவை, அதாவது திரையில் காட்டும் வெண்மை-கறுமை வீச்சை, மாற்றாமல் ரிப்போர்ட்டை முடிக்காதே. வழக்கமான மூளை விண்டோ, அகலம் 80, மையம் 40. மண்டையோட்டை ஒட்டி மூளையுறைக்கு அடியில் கசிந்த மெல்லிய சப்டியூரல் ரத்தம் அதில் எலும்பின் வெண்மையோடு கலந்து மறைந்துபோகும். அகலத்தை 200 அளவுக்கு விரித்தால் தனியே பிரிந்து தெரியும். பக்கவாதத்தின் தொடக்க மணி நேரங்களில் இதற்கு நேர்மாறாக அகலத்தை 40-க்குக் குறுக்கு. சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையிலான எல்லை எங்கே அழிந்திருக்கிறது என்பது அப்போது கண்ணில் படும்.

ஒன்றைக் கண்டுபிடித்ததும் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். தவறுகள் பெரும்பாலும் அதன் பிறகுதான் நேர்கின்றன. இடுப்பு வளையத்தில் ஒரு முறிவைப் பார்த்தால் இரண்டாவதைத் தேடு. வளையம் ஒரே இடத்தில் மட்டும் உடைவது குறைவு. வயிற்று சி.டி.யில் குடல் அடைப்பைப் பார்த்த திருப்தியில், மேல் ஸ்லைஸ்களில் தெரியும் நுரையீரல் அடிப்பகுதியையும் கடைசி ஸ்லைஸ்களில் தொடையிடுக்கில் இருக்கும் ஹெர்னியாவையும் தாண்டிப் போய்விடாதே. அந்த அடைப்புக்கே அந்த ஹெர்னியா காரணமாக இருக்கலாம். நடுவில் போன் வந்தால், வைத்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்த உறுப்பை முதலிலிருந்து பார்.

பழைய படங்களோடு ஒப்பிடும்போது சென்ற முறை எடுத்ததோடு நின்றுவிடாதே; இருப்பதிலேயே பழையதையும் திற. நுரையீரல் முடிச்சு ஒன்று 6 மி.மீ., அடுத்து 7, அதற்கடுத்து 8 என்று வரும். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் 'குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்றே சொல்லும், ஏனென்றால் 1 மி.மீ. வித்தியாசம் அளவிடும் பிழைக்குள் அடங்கிவிடும். ஆனால் 6 மி.மீ. 8 ஆனபோது கன அளவு இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறது.

ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியான இம்ப்ரெஷனில், கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் சொல். 'குடல்வால் அழற்சியா?' என்று கேட்டிருக்கும்போது சிறுநீரக நீர்க்கட்டியில் ஆரம்பிக்காதே. 'இருக்கலாம்', 'மறுப்பதற்கில்லை', 'நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் அறுவை மருத்துவர் உனக்கே போன் செய்வார். கையெழுத்திடும் முன் மூன்றை மட்டும் தனியே சரிபார்: வலமா இடமா, மி.மீ.யா செ.மீ.யா, வாயால் சொல்லிப் பதிந்த டிக்டேஷனில் 'இல்லை' விடுபட்டுவிட்டதா. அவசரமான முடிவு என்றால் போனில் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுது.

பயாப்சியில் ஒரு விதி போதும்: அல்ட்ராசவுண்டில் ஊசி முனை மறைந்துவிட்டால் ஊசியை நகர்த்தாதே. அதை அப்படியே பிடித்துக்கொண்டு தோல்மேல் வைத்திருக்கும் ப்ரோபை மட்டும் அசைத்து முனையைக் கண்டுபிடி. இரண்டு கையும் ஒரே நேரத்தில் அசைந்தால் முனை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கான்ட்ராஸ்ட் ஒவ்வாமையில் பெரியவர் ஒருவருக்கு மூச்சு இரைத்து ரத்த அழுத்தம் விழுந்தால், அலர்ஜி ஊசியைத் தேடி நேரத்தைப் போக்காதே. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள அட்ரீனலின் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். சீராகவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. எம்.ஆர்.ஐ. அறையில் நோயாளியின் இதயம் நின்றால் அவரை உடனே வெளியே கொண்டுவந்து முழு உயிர்காப்பு சிகிச்சையை அங்கே செய். ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் உயிரோடுதான் இருக்கிறது. உதவிக்கு ஓடி வருபவர் கையில் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே நுழையாமல் தடுக்க ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். சேர்ந்த அன்றே இந்த இரண்டு இடங்களையும் நேரில் போய்ப் பார்: அவசர மருந்துப் பெட்டி எங்கே, நோயாளியை வெளியே எடுக்கும் வழி எது.

எழுதி வைத்த முடிவுகளுக்கு ஒரு கோப்பு தொடங்கு. நோயாளியின் பெயர் வேண்டாம், ஸ்கேன் எண் போதும், அதையும் மருத்துவமனைக் கணினியிலேயே வை. நான்கு நெடுவரிசை: ஸ்கேன் எண், நீ சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னாய், கடைசியில் என்ன ஆனது. நான்காவது நெடுவரிசை தானாக நிரம்பாது. பயாப்சி ரிப்போர்ட்டையும் அறுவைக் குறிப்பையும் நீயே தேடிப் படிக்க வேண்டும். வாரம் ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்கு. இதை விட்டால், நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்தும் பதில் தெரியாமலே அந்த ஆண்டு போய்விடும்.

பதில் உன் முடிவோடு ஒத்துப்போகாதபோது உடனே உன்னைத் திருத்திக்கொள்ளவும் வேண்டாம். மார்பகத்தில் பைரேட்ஸ் 5, அதாவது பெரும்பாலும் புற்றுநோய்தான், என்று நீ சொன்ன கட்டி பயாப்சியில் சாதாரணத் திசு என்று வந்தால், ஊசி கட்டிக்குள் போகவே இல்லை என்பதற்கும் வாய்ப்பு உண்டு. கன்சல்டன்ட்டிடம் சொல்லிவிட்டு, பயாப்சி எடுத்தபோதைய படங்களில் ஊசி எங்கே இருக்கிறது என்று இருவரும் பாருங்கள். நோயியல் மருத்துவரிடம் பேசி, பொருந்தவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதி, மறுபடி பயாப்சிக்குத் தேதி வாங்கும்வரை கோப்பில் அந்த எண்ணை முடிந்ததாகக் குறிக்காதே.

அன்புடன்,
உன் அக்கா